பாலியற் குற்றமும் தண்டமும்: 1995ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பற்றிய ஒரு மதிப்பீடு

திருக்குறட் பொருட்பாலிலே செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் அதிகாரங்களை அடுத்து வெருவந்த செய்யாமை என்பது வைக்கப்பட்டிருக்கின்றது. குடிகள் அஞ்சத்தக்கவற்றை அரசன் செய்யாதிருத்தலைக் கூறவந்த அவ்வதிகாரம் தண்டத்தை விலக்கித் தொடங்கவில்லை. தண்டத்துக்கு இலக்கணம் வகுத்துத் தொடங்குகின்றது. நடந்ததைத் தக்கவாறு நாடி அறிதல் வேண்டும். குற்றவாளி மீண்டும் அக்குற்றத்தின்மேற் செல்லாதவாறு ஒறுத்தல் வேண்டும். ஒறுப்பு குற்றத்தோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பது முதற் குறளின் கருத்து. கோலை ஓங்கும்போது கடிதாக ஓங்கி வீழ்த்தும்போது மெல்ல வீழ்த்துமாறு அதற்கடுத்த குறள் அறிவுரை கூறுகின்றது. முடியாட்சிக் காலத்து நூலாயினும், இற்றைநாட் சட்டமொன்றை எடைபோடுதற்கு இவ்விரு குறள்களும் போதியனவாம்.

பாலியற் குற்றங்கள் தொடர்பாக இக்காலத்தில் எழும் கோரிக்கை பெரும்பாலும் ஒரே வடிவினது. கொடிய செயலொன்று செய்தித்தாளில் வெளிவருகின்றது. மக்கள் வீதிக்கு வருகின்றனர். தண்டனையைக் கூட்டுக என்ற குரல் எழுகின்றது. சட்டமன்றமும் ஆண்டுக்கணக்கைக் கூட்டுகின்றது. ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் 2019இல் புலனாய்வை ஏழு நாளிலும் விசாரணையைப் பதினான்கு நாளிலும் முடித்து மரணதண்டனை விதிக்க வழிசெய்யும் சட்டமூலம் ஒன்றை நிறைவேற்றிற்று. மேற்கு வங்கம் 2024 செப்டெம்பரில் அவ்வழியிற் சென்றது. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2025 சனவரியிலே, வல்லுறவுக்குரிய குறைந்தபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டிலிருந்து பதினான்கு ஆண்டாக உயர்த்தும் சட்டமூலத்தை நிறைவேற்றிற்று. இலங்கையோ இவ்வழியை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்து பார்த்துவிட்டது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டம் எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்கவில்லை என்பதை ஆராய்தல் இரு கரையில் உள்ளோர்க்கும் பயன்தரும்.

இச்சட்டத்தைக் கொழும்பிலிருந்து நோக்குதல் ஒன்று. கிழக்குக் கரையிலிருந்து நோக்குதல் வேறொன்று. கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்புச் சாலையை ஒட்டியுள்ள மருதமுனை, கைத்தறிக்கும் கல்விக்கும் பேர்பெற்ற முஸ்லிம் ஊர். அதன் தெற்கே பாண்டிருப்பும் வடக்கே பெரியநீலாவணையும் தமிழர் வாழும் ஊர்கள். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. முஸ்லிம்களும் தமிழருமாகிய இரு சாராரிடத்தும் தாய்வழிக் குடிமுறை இருந்து வந்திருக்கின்றது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகின்றது. மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். இத்தகைய சமுதாயத்திலே ஒரு பெண்ணுக்கு நேர்ந்த தீங்கு அவளோடு நின்றுவிடுவதில்லை. அவளுடைய தங்கையர் திருமணம், தாயின் குடிப்பெருமை, அயல்வீட்டு உறவு யாவற்றையும் தொடுகின்றது. சட்டம் எழுதினோர் நினைவில் இவை இருந்தனவோ என்பது ஐயத்துக்குரியது. ஆயினும் சட்டம் இவற்றினூடாகவே செல்லவேண்டியிருக்கின்றது.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு பிரித்தானியர் ஆக்கியது. வல்லுறவுக்கு அது சிறைத்தண்டனையின் மேலெல்லையை வகுத்ததேயன்றிக் கீழெல்லையை வகுக்கவில்லை. பெண்ணின் இசைவு இருப்பினும் குற்றமாகும் வயதெல்லை பன்னிரண்டாகவே இருந்தது. இச்சட்டமே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. இலங்கை 1991இற் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. கடற்கரை விடுதிகளில் வெளிநாட்டார் சிறுவரைச் சீரழித்த செய்திகள் பெருகின. பெண்கள் அமைப்புக்களும் சட்ட அறிஞரும் நெடுநாள் வாதாடினர். இவற்றின் பயனாகவே 1995ஆம் ஆண்டுத் திருத்தம் எழுந்தது.

அத்திருத்தத்தின் நற்கூறுகளை முதலிற் சொல்லுதல் முறை. இசைவு கருதப்படாத வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. காவலில் இருக்கும்போது பெறப்பட்ட இசைவும் அச்சுறுத்திப் பெறப்பட்ட இசைவும் இசைவல்ல என்று கூறப்பட்டது. முறைதகா உறவு, கடுமையான பாலியல் துஷ்பிரயோகம், சிறுவரைப் பாலியல் நோக்கிற் பயன்படுத்தல், ஆட்கடத்தல் என்பன தனிக் குற்றங்களாயின. பாலியற் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுதல் குற்றமாக்கப்பட்டது. குற்றவாளி நட்டஈடு செலுத்தவேண்டும் என்ற கட்டளையும் தண்டனையோடு சேர்க்கப்பட்டது. இவை யாவற்றினும் மேலானது 363ஆம் பிரிவுக்குச் சேர்க்கப்பட்ட விளக்கம் ஒன்று: உடற்காயம் முதலிய எதிர்ப்பின் அடையாளங்கள் இருந்தாலன்றி இசைவின்மை நிறுவப்படாது என்ற பழைய நினைப்புக்கு அது முற்றுப்புள்ளி இட்டது. நூறாண்டுக் காலமாக, போராடிக் காயப்படாத பெண் பொய்யுரைப்பவளாகக் கருதப்பட்டு வந்தாள். அச்சத்தால் உறைந்துபோனவளுடைய வாய்மொழிக்கும் மதிப்புண்டு என்று சட்டம் சொன்னது 1995இலேயே.

ஈண்டுச் சொல்லொன்றைப் பற்றியும் குறிப்பிடவேண்டும். தமிழில் நெடுங்காலம் வழங்கியது கற்பழிப்பு என்னும் சொல். குற்றம் புரிந்தவன் செய்ததை அச்சொல் கூறவில்லை. பாதிக்கப்பட்டவள் இழந்ததாக ஊரார் கருதுவதைக் கூறுகின்றது. அழிந்தது அவளது கற்பு எனின், குற்றவாளி தண்டிக்கப்பட்ட பின்னும் அவளிடமே குறை எஞ்சுகின்றது. வல்லுறவு, வன்புணர்வு என்னும் சொற்கள் வினையை அதனைச் செய்தவன்மேல் நிறுத்துகின்றன. செய்தித்தாள்கள் இன்னும் பழைய சொல்லை முற்றாகக் கைவிடவில்லை. தமிழாசிரியர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது.

ஆயினும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் நினைவில் நிலைத்தது மேற்கூறிய நற்கூறுகளாலன்று; ஏழு, பத்து, பதினைந்து என்னும் எண்களால். வல்லுறவுக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத கடூழியச் சிறை. அரச அலுவலர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தம் காவலில் உள்ளவளிடத்து இழைத்தாலும், பதினெட்டு வயதுக்குட்பட்டவள், கருவுற்றவள், மாற்றுத்திறனாளி ஆகியோரிடத்து இழைத்தாலும், பலர் கூடி இழைத்தாலும் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை. பதினாறு வயதுக்குட்பட்டவளிடத்து நெருங்கிய இரத்த உறவினன் இழைத்தாற் பதினைந்து ஆண்டுக்குக் குறையாத சிறை. இருபது ஆண்டு யாவற்றுக்கும் மேலெல்லை. நீதிபதிகள் இரங்கிக் குறைத்துவிடுகின்றனர் என்ற குறைபாட்டுக்கு மருந்தாக அவர்களுடைய கையைக் கட்டுவதே குறைந்தபட்சத் தண்டனையின் நோக்கம். அந்நோக்கம் இழிந்ததன்று. ஆனால் யாருடைய கை கட்டப்பட்டது, யார் அதில் அகப்பட்டனர் என்பதைப் பார்க்கவேண்டும்.

கிழக்குக் கரையில் எங்கும் காணக்கூடிய ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பது வயது இளைஞனும் பதினைந்து வயதுப் பெண்ணும் வீட்டாருக்குத் தெரியாமற் சென்று உறவினர் வீடொன்றிற் சில நாள் தங்குகின்றனர். பெண்ணின் தந்தை முறைப்பாடு செய்கின்றார். பெண்ணின் இசைவு சட்டத்தின் கண்ணில் இல்லை. அவள் பதினெட்டு வயதுக்குட்பட்டவளாதலின் பத்து ஆண்டு குறைந்தபட்சம். குற்றஞ்சாட்டப்பட்டவனும் பதினெட்டு வயதுக்குட்பட்டவனாயிருந்து, இசைவும் இருந்தாற் குறைக்கலாம் என ஒரு விலக்கை 1995ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. பத்தொன்பது வயதினனுக்கு அவ்விலக்கு இல்லை. அயல்வீட்டுக் குழந்தையைப் பலநாள் அச்சுறுத்திச் சீரழித்த ஐம்பது வயதினனுக்கும் அதே பத்து ஆண்டே குறைந்தபட்சம். ஒறுப்பு குற்றத்தோடு ஒத்திருத்தல் என்னும் இலக்கணம் இவ்விடத்திற் பிழைத்துவிட்டது.

அனுராதபுர மேல் நீதிமன்றிலிருந்து இத்தகைய சிக்கல் ஒன்று உயர் நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. 2008ஆம் ஆண்டின் அம்முடிவிலே, 364(2) பிரிவின் அக்கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை அரசியலமைப்பின் 4(இ), 11, 12(1) ஆகிய உறுப்புரைகளோடு முரண்படுகின்றது என்றும், தக்கதெனக் கருதும் தண்டனையை விதிக்க மேல் நீதிமன்றத்துக்குத் தடையில்லை என்றும் உயர் நீதிமன்றம் கூறிற்று. நீதித்துறையின் தற்றுணிபைப் பாராளுமன்றம் முற்றாகப் பறித்தல் கூடாது. வேறுபட்ட செயல்களை ஒன்றாக ஒறுத்தல் சமத்துவம் ஆகாது என்பன அதன் அடிப்படை.

முடிவு சரியானதே. ஆனால் அதன் பின்விளைவு இருமுகப்பட்டது. காதலித்துச் சென்ற இளைஞனைக் காக்க அவிழ்க்கப்பட்ட கட்டு ஏனையோர்க்கும் அவிழ்ந்தது. சிறுமியரிடத்துக் குற்றம் புரிந்த வளர்ந்த ஆடவர் சிலர்க்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை வழங்கப்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஒத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றவன் தீர்ப்பு நாளன்றே ஊர் திரும்புகின்றான். ஊராருக்கு அது விடுதலையாகவே தோன்றுகின்றது. கடிதோங்கி மெல்ல எறிதல் என்று குறள் கூறியது இதனையன்று. அங்கே மெல்ல வீழ்ந்தாலும் கோல் வீழ்கின்றது. இங்கே வீழ்ந்ததோ என்பதே தெரியவில்லை. 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில், பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட வயதினளின் இசைவு இருந்து, குற்றஞ்சாட்டப்பட்டவன் இருபத்திரண்டு வயதுக்குட்பட்டவனாயின் தண்டனையைத் தளர்த்தலாம் என ஒரு சட்டமூலம் வெளியிடப்பட்டது. வயதெல்லை பதினான்காகக் குறைக்கப்படுகின்றது என்று அஞ்சிப் பலரும் எதிர்க்க, அது கைவிடப்பட்டது. இருவர்க்கிடையிலான வயது இடைவெளியை அளவாகக் கொண்டிருந்தாற் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். அந்த எளிய வழி ஏனோ நாடப்படவில்லை.

இனி, மீண்டும் மீண்டும் குற்றம் புரிவோரைப் பற்றிய பகுதி. குற்றவாளி மீண்டும் அதன்மேற் செல்லாதவாறு ஒறுக்க வேண்டும் என்றதன் நேர்ப்பொருள் இங்கேதான் சோதிக்கப்படுகின்றது. இந்தியாவில் 2012 திசம்பர் தில்லிச் சம்பவத்தின் பின் அமைந்த நீதியரசர் வர்மா குழு ஒரே மாதத்தில் அறிக்கை தந்தது. வல்லுறவுக்கு மரணதண்டனை வேண்டாம் என்று அக்குழு கூறியிருந்தும், 2013ஆம் ஆண்டுத் திருத்தம் 376உ என்னும் புதிய பிரிவின் மூலம், முன்னர் ஒருமுறை வல்லுறவுக்குத் தண்டிக்கப்பட்டவன் மீண்டும் அக்குற்றத்துக்குத் தண்டிக்கப்படின் வாழ்நாள் முழுதும் சிறை, அல்லது மரணம் என விதித்தது. 2024 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 71ஆம் பிரிவாயிற்று.

அப்பிரிவு முதன்முதலிற் பெரிதாகப் பேசப்பட்டது மும்பாய் சக்தி மில் வழக்குகளில். கைவிடப்பட்ட ஆலையொன்றினுள் 2013 சூலையில் ஒரு பெண்ணுக்கும் ஆகத்தில் மற்றொரு பெண்ணுக்கும் தீங்கிழைக்கப்பட்டது. இரண்டிலும் தொடர்புடைய மூவர் இரு வழக்குகளிலும் 2014 மார்ச்சிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, மீளக் குற்றம் புரிந்தோர் என்ற அடிப்படையில் அவ்வாண்டு ஏப்பிரலில் மரணதண்டனை பெற்றனர். பம்பாய் உயர்நீதிமன்றம் 2019இல் அப்பிரிவு செல்லும் என்றது. 2021இல் மூவரின் மரணதண்டனையையும் ஆயுட்சிறையாக மாற்றிற்று. இவ்வழக்கிற் கவனிக்கத்தக்கது தண்டனையின் அளவன்று. முதற் குற்றத்துக்குரிய முறைப்பாடு இரண்டாவது குற்றம் வெளிவந்த பின்னரே பொலிசாரிடம் வந்தது. சூலையிலே அப்பெண் பேசக்கூடிய சூழல் இருந்திருப்பின் ஆகத்துச் சம்பவம் நிகழாது போயிருக்கலாம். மரணதண்டனை என்னும் அச்சம் இதில் எங்கே நுழைகின்றது?

இலங்கையில் வழக்கமாகக் குற்றம் புரிவோரைப் பதிந்து கண்காணிக்க 1926ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. கைரேகைப் பதிவின்மூலம் முன்னைய தண்டனைகள் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்படுகின்றன. திருடரை மனத்திற்கொண்டு எழுந்த அச்சட்டத்துக்குப் பாலியற் குற்றவாளி பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஏனெனில் சட்டத்தின் கண்ணில் மீண்டும் குற்றம் புரிந்தவன் என்பான் மீண்டும் தண்டிக்கப்பட்டவனே. முதன்முறை தண்டிக்கப்படாதவன் பத்தாம் முறையும் முதற்குற்றவாளியாகவே கூண்டில் ஏறுகின்றான். அவனுடைய நன்னடத்தையைச் சான்றுகாட்டி வழக்கறிஞர் இரக்கம் வேண்டுகின்றார்.

முதன்முறை தண்டிக்கப்படாமை எவ்வாறு நிகழ்கின்றது என்பது கிழக்குக் கரையோர ஊர்களை அறிந்தோர்க்குத் தெரியும். பெரும்பாலும் குற்றம் புரிபவன் அந்நியனல்லன்; மாமன், மைத்துனன், சிறிய தந்தை, அயலான், பாடஞ் சொல்லித் தருபவன். தாய் மத்திய கிழக்கிற்கு வீட்டுவேலைக்குச் சென்றிருக்க, பிள்ளை பாட்டியிடமோ சின்னம்மாவிடமோ வளர்கின்றது. செய்தி வெளிப்படும்போது முதலிற் கூடுவது குடும்பம். அடுத்து ஊர்ப் பெரியோர். கோயில் நிருவாகத்தினராயினும் பள்ளிவாசல் மரைக்காயர்களாயினும் அவர்களுடைய நோக்கம் பெரும்பாலும் தீயதன்று. பெண்ணின் பெயர் வெளிவராமற் காத்தலே அது. சிறிது பணம், பகிரங்கமற்ற மன்னிப்பு, குற்றவாளியை வேறூருக்கு அனுப்புதல் என்பவற்றோடு முடிவு எட்டப்படுகின்றது. அனுப்பப்பட்ட ஊரிலும் குழந்தைகள் உண்டு என்பதை அக்கூட்டத்தில் எவரும் சொல்வதில்லை. இவ்வாறு முடிந்ததற்கு ஏடில்லை, எண்ணில்லை, கைரேகை இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் வெளியிடுவதைக் குற்றமாக்கியதே இவ்வச்சத்தைப் போக்குதற்காக. ஆனால் செய்தித்தாளைக் கட்டும் சட்டம் ஒழுங்கையில் உலவும் வாயைக் கட்டுவதில்லை. இவ்விடத்தில் ஊர்ப் பெரியோரை மட்டும் நோதல் நியாயமாகாது. சட்டத்தின் வழி எத்தகையது என்பதையும் அவர்கள் கண்டிருக்கின்றனர்.

அவ்வழி நீண்டது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. ஆங்குப் பெண்கள் சிறுவர் பிரிவு இருப்பினும், தமிழ் பேசும் பெண் அலுவலர் அந்நேரம் கடமையில் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாகவும் நீதிமன்ற மொழியாகவும் ஆக்கியது; எனினும் சிறுமி தமிழிற் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, அவள் அறியாத மொழியில் அவளாலேயே கையொப்பமிடப்படும் நிலையைத் தமிழ்ப் பகுதிகள் நன்கறியும். பின்னர் வைத்தியசாலையிற் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை. தடயங்கள் கொழும்புப் பக்கம் செல்கின்றன. வழக்கேடு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் செல்கின்றது. அங்கிருந்து குற்றப்பத்திரம் கல்முனை மேல் நீதிமன்றுக்கு மீள்வதற்குள் ஆண்டுகள் கழிகின்றன. பதின்மூன்று வயதில் முறையிட்டவள் மணமான பின் சாட்சி சொல்ல அழைக்கப்படுகின்றாள். கணவனுக்கும் மாமியாருக்கும் தெரியாத செய்தி அழைப்பாணையின் வடிவில் வீட்டு வாசலுக்கு வருகின்றது. அவள் கூண்டில் நின்று நினைவில்லை என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. பத்து ஆண்டாயினும் இருபது ஆண்டாயினும் அவ்வெண்ணுக்கு அங்கே வேலையில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையை மட்டுமே திருத்தியது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். சாட்சி விசாரிக்கப்படும் முறையை வகுப்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காக்கும் சட்டம் வருதற்கு 2015 வரை, அதாவது இருபது ஆண்டு, காத்திருக்க நேர்ந்தது. அதற்குப் பதிலாக 2023இல் வேறொரு சட்டம் ஆக்கப்பட்டது. தண்டனை முதலிலும் பாதுகாப்பு இறுதியிலுமாக வந்த இவ்வரிசையே நோயை உணர்த்துகின்றது. தண்டனையைக் கூட்டச் செலவில்லை. பாராளுமன்றத்தில் ஒரு பிற்பகல் போதும். ஆய்வுகூடத்துக்கும் அலுவலருக்கும் நீதிமன்றுக்கும் பணம் வேண்டும்.

தண்டனையின் கடுமையினும் அது தப்பாது வரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அதற்கு அண்மையில் ஒரு சான்று சென்னையிற் கிடைத்தது. 2024 திசம்பர் 23ஆம் நாள் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையே தமிழ்நாட்டின் 2025ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு உடனடித் தூண்டுகோல். அக்குற்றவாளி முன்னரும் பல வழக்குகளிற் பெயர் பதிந்தவன். அவன் தண்டிக்கப்பட்டது புதிய திருத்தத்தாலன்று. குற்றத்தின் பின் ஆக்கப்பட்ட சட்டம் முன் நடந்ததன்மேற் செல்லாது. இருந்த சட்டத்தின்படியே, ஐந்து மாத காலத்துள் வழக்கு முடிந்து, 2025 சூன் 2ஆம் நாள் முப்பது ஆண்டுக்குக் குறையாத ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. மாணவி துணிந்து முறையிட்டாள். சென்னை உயர்நீதிமன்றம் பெண் அலுவலர் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்தது. மகளிர் நீதிமன்றம் தாமதியாது விசாரித்தது. அவ்வழக்கிலேயே முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து மாணவியின் அடையாளம் பரவ, இருபத்தைந்து இலட்சம் ரூபா இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் அரசுக்குக் கட்டளையிட நேர்ந்ததும் மறக்கற்பாலதன்று.

விரைவு வேறு, பதற்றம் வேறு. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையிற் சிறு குழந்தையொன்று கொலையுண்டபோது தூக்குமேடையை மீண்டும் திறக்குமாறு நாடே கேட்டது. இலங்கையில் 1976இன் பின் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை. அக்கொந்தளிப்பிலே பதினேழு வயது மாணவன் ஒருவனும் குடும்பத்தலைவர் ஒருவரும் கைது செய்யப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர்; மரபணுச் சோதனை அவர்களை விடுவித்தது. பின்னர்க் கைதான ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிசார் அறிவித்தனர். அதே சோதனை அவனையும் விலக்கி அவன் சகோதரனைக் காட்டிற்று. உண்மைக் குற்றவாளி 2016இல் தண்டிக்கப்பட்டான். தூக்குத் தயாராய் இருந்திருப்பின் நாடிய பின் ஒறுத்தல் என்பது ஒறுத்த பின் நாடுதலாய் முடிந்திருக்கும்.

நாடுதலே நிகழாத வழக்கும் இம்மாவட்டத்தில் உண்டு. 1997 மே மாதம், புதிய சட்டம் நிறைவேறி இரண்டாண்டு நிரம்பும் முன், அம்பாறை மாவட்டம் மத்திய முகாம் குடியேற்றத்திலே தமிழ்த் தாய் ஒருத்தி தன் வீட்டில் வல்லுறவுக்குட்படுத்தப்பட்டுக் குண்டு வைத்துக் கொல்லப்பட்டாள். குற்றச்சாட்டு பொலிசார்மேல் எழுந்தது. அரச அலுவலர்க்குப் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை என்று சட்டம் ஓங்கி நின்றது. எவரும் தண்டிக்கப்படவில்லை. பூம்புகாரின் சதுக்கப் பூதம் குற்றவாளிகளைப் பாசத்தாற் கட்டிப் புடைத்து உண்ணும் என்று சிலப்பதிகாரம் காட்டுகின்றது. அது பொய்க்கரி கூறுவோரையும் வஞ்சனை செய்யும் அமைச்சரையும் கூடப் பிடித்தது. இக்காலச் சதுக்கத்துப் பூதத்துக்கு ஆளை அறிந்து பிடிக்கும் வழக்கம் வந்துவிட்டது போலும்.

எஞ்சியிருப்பது திருத்தச் சட்டத்தின் 363ஆம் பிரிவின் இறுதி உட்பிரிவு. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்ணுடன் கூடுதல் அவளுடைய இசைவு இருப்பினும் வல்லுறவாம் என்று தொடங்கும் அவ்வுட்பிரிவு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மனைவியாயின், நீதிமன்றத்தாற் பிரித்துவைக்கப்பட்டவளாக இல்லாதவிடத்து, குற்றமாகாது என்று முடிகின்றது. அவ்வாண்டிலேயே 18ஆம் இலக்க விவாகப் பதிவுத் திருத்தச் சட்டம் திருமண வயதை இருபாலார்க்கும் பதினெட்டாக்கியது. ஆதலின் பன்னிரண்டு வயது மனைவி என்னும் தொடர் பொருள்படுவது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மட்டுமே. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவளின் திருமணத்தைப் பதியக் காதியாரின் அனுமதி வேண்டும் என்பதன்றி வயதெல்லை எதனையும் அச்சட்டம் வகுக்கவில்லை. மருதமுனை போன்ற ஊர்களிற் பெண்கள் பல்கலைக்கழகம் செல்லும் காலத்தில் இத்தகைய திருமணங்கள் அருகிவிட்டன என்பர். அருகியது உண்மையாயின் விலக்கை நீக்குதலால் எவர்க்கும் இழப்பில்லை. ஆனால் அவ்விலக்கின் தீங்கு வேறோரிடத்தில் இருக்கின்றது. சிறுமிக்குத் தீங்கிழைத்தவனுக்கே அவளை மணமுடித்துக் கொடுத்து மானங்காத்தல் என்பது ஊர்ப் பெரியோரின் பழைய தீர்வுகளுள் ஒன்று. திருமணம் பதியப்பட்ட நாள் தொட்டு நிகழ்வன யாவும் சட்டத்தின் பார்வையிற் குற்றமல்ல. முன் நிகழ்ந்ததைப் பற்றி முறையிட எவரும் இல்லை. சாட்சி சொல்லவேண்டியவள் அவன் வீட்டாள் ஆகிவிட்டாள். திருமணமின்றிச் சென்ற பத்தொன்பது வயதினன் பத்து ஆண்டுச் சிறைக்கு ஆளாகின்றான். பதினைந்து வயதினளைப் பதிவேட்டின்மூலம் பெற்ற நாற்பது வயதினனுக்கு ஒரு நாளுமில்லை. இரண்டும் ஒரே உட்பிரிவின் விளைவு.

இதனை முஸ்லிம் பெண்களே பல்லாண்டாக எடுத்துரைத்து வருகின்றனர். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையை 2018 சனவரியிலேயே கையளித்தது. வயதெல்லை முதலியவற்றில் உறுப்பினர் இரு பிரிவாகப் பிரிந்து நின்றனர். தண்டனைச் சட்டக்கோவை 1998இலும் 2006இலும் மீண்டும் திருத்தப்பட்டபோதும் பன்னிரண்டு வயது மனைவி பற்றிய அத்தொடர் அவ்வாறே விடப்பட்டது.